கலிஃபோர்னியா அரசிடம் முடங்கியிருக்கும் பணம்: காலமானவர் பெயரில் கோவையிலிருந்து கிளெய்ம் செய்வது எப்படி?

பீளமேடு வாணி கேட்கிறார்:

வணக்கம். என் அக்கா வீட்டுக்காரர் 2010-லிருந்து 2016 அக்டோபர் வரை அமெரிக்காவில், கலிஃபோர்னியாவின் சன்னிவேல் நகரில் வேலை பார்த்தார். அப்புறம் குடும்பத்தோடு கோவைக்கே வந்துவிட்டார்கள். 2021-ல் மாமா காலமானார். உயில் எழுதவில்லை.

கலிஃபோர்னியா ஸ்டேட் கன்ட்ரோலர் (கேட்பாரற்ற பணத்தைப் பொறுப்பில் வைத்திருக்கும் மாநில நிதி அதிகாரி) தளத்தில் அவர் பெயரில் மூன்று பதிவுகள் இருக்கின்றன. கடைசிச் சம்பளம் 412.60 டாலர். ஒரு சேமிப்புக் கணக்கு 3,874.15 டாலர். மூன்றாவது ஏதோ ஒரு கம்பெனிப் பங்கு. மூன்றிலும் பழைய சன்னிவேல் அபார்ட்மென்ட் முகவரிதான்.

இது தெரியவந்ததே ஒரு கடிதத்தால்தான். "உங்களுக்கு வர வேண்டிய பணத்தை மீட்டுத் தருகிறோம், 30 சதவீதம் எங்களுக்கு" என்று எழுதி, கையெழுத்துப் போட ஒப்பந்தமும் பவர் பத்திரமும் சேர்த்து அனுப்பியிருக்கிறார்கள்.

என் சந்தேகங்கள்: இதற்குக் கெடு உண்டா? அக்கா இங்கிருந்தே நேரடியாகக் கேட்க முடியுமா? தாசில்தார் கொடுத்த வாரிசுச் சான்றிதழ் போதுமா? அதில் அக்கா, 19 வயது மகன், மாமாவின் அம்மா என்று மூன்று பேர் இருக்கிறார்கள். அம்மாவுக்கு 74 வயது, நீண்ட பயணம் முடியாது. கடைசியாக, டாலர் செக் வந்தால் இங்கே எப்படி மாற்றுவது?

கணக்கப்பிள்ளை:

முதலில் அந்த ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடாதீர்கள். கலிஃபோர்னியாவில் இப்படிப் பணம் தேடிக் கொடுப்பவர்கள் மீட்கும் தொகையில் 10 சதவீதத்துக்கு மேல் வாங்கக்கூடாது. சிவில் நடைமுறைச் சட்டம் 1582-வது பிரிவு அது. பணம் கன்ட்ரோலர் கைக்கு வந்த பிறகு போட்ட ஒப்பந்தமாக இருக்க வேண்டும், சொத்து என்ன, மதிப்பு எவ்வளவு, அது கன்ட்ரோலரிடம்தான் இருக்கிறது என்பதெல்லாம் ஒப்பந்தத்திலேயே எழுதியிருக்க வேண்டும். 30 என்று கேட்பவரிடம் இந்தப் பிரிவு எண்ணைச் சொல்லிப் பாருங்கள், மறு கடிதம் வராது. நேரடியாகக் கேட்டால் அரசு ஒரு டாலர்கூடக் கட்டணம் வாங்குவதில்லை.

கெடு கிடையாது. இந்தப் பணத்தை அரசு எடுத்துக்கொள்ளவில்லை, காவல் காக்கிறது. அப்படிச் சொன்னாலும் பெட்டியில் பூட்டி வைத்திருக்கிறார்கள் என்று நினைக்க வேண்டாம். தனி நிதியில் 50,000 டாலரை மட்டும் வைத்துக்கொண்டு மிச்சத்தை மாதா மாதம் பொது நிதிக்கு மாற்றிவிடுகிறார்கள், அரசு அதைச் செலவும் செய்கிறது. ஆனால் உரிமையாளரோ வாரிசோ எந்த வருடம் வந்து கேட்டாலும் கொடுத்தாக வேண்டும். வட்டி மட்டும் கிடையாது. பத்து வருடம் கழித்துக் கேட்டாலும் அதே 3,874.15தான். கெடு இல்லை என்பதற்காகத் தள்ளிப்போடுவதில் லாபம் எதுவும் இல்லை.

பணம் அங்கே போய்ச் சேர்ந்த வழியைத் தெரிந்துகொண்டால் மூன்றாவது பதிவும் புரியும். சம்பளம் 1 வருடம், வங்கிக் கணக்கும் பங்கும் 3 வருடம் உரிமையாளரின் சுவடே இல்லாமல் கிடந்தால் "கேட்பாரற்றது" ஆகிவிடும். ஜூன் 30 வரை அப்படி ஆனவற்றை நிறுவனங்கள் நவம்பர் 1-க்கு முன் கன்ட்ரோலருக்கு அறிக்கையாகத் தர வேண்டும். பணத்தை அப்போது அனுப்பமாட்டார்கள். இடைப்பட்ட மாதங்களில் கன்ட்ரோலர் அலுவலகம் கடைசி முகவரிக்குக் கடிதம் போடும். அடுத்த ஜூன் 1 முதல் 15-க்குள்தான் பணம் அரசுக்குப் போகும். உங்கள் மாமாவின் சேமிப்புக் கணக்கைக் கணக்கிட்டால்: கடைசி நடமாட்டம் 2016 அக்டோபர், 3 வருடம் முடிவது 2019 அக்டோபர், அறிக்கை 2020 இலையுதிர் காலம், அரசுக்குப் போனது 2021 ஜூன். அந்தக் கடிதமும் சன்னிவேல் அபார்ட்மென்டுக்குத்தான் போயிருக்கும். வேறு யாரோ குடியிருந்திருப்பார்கள்.

பங்கு விஷயம் கொஞ்சம் கசப்பானது. அறிக்கை தாக்கலாகி 18 மாதம் கழித்து, 20 மாதத்துக்குள் கன்ட்ரோலர் பங்குகளை விற்றுவிடுவார். அதற்குப் பிறகு கேட்டால் விற்ற தொகையும் விற்பதற்கு முன் சேர்ந்த டிவிடெண்டும்தான் கிடைக்கும், இன்றைய சந்தை விலை கிடையாது. மேலே சொன்ன கணக்கு பங்குக்கும் பொருந்தினால் 2022 நடுவிலேயே விற்றிருப்பார்கள். பதிவைத் திறந்து பாருங்கள். பங்கு எண்ணிக்கை மட்டும் இருக்கிறதா, ரொக்கத் தொகை இருக்கிறதா என்று. விற்காமல் இன்னும் இருந்தால் பங்காகவே வாங்கிக்கொள்ளலாம்.

இதைப் படிக்கும் மற்றவர்களுக்கும் ஒன்று: பதிவைத் திறக்கும்போது "நிறுவனத்தையே தொடர்புகொள்ளுங்கள்" என்று வந்தால் பணம் இன்னும் அரசுக்குப் போகவில்லை என்று அர்த்தம். நவம்பருக்கும் ஜூனுக்கும் இடையிலான அந்த இடைவெளிதான் பொன்னான நேரம். நிறுவனத்திடமே அடையாளம் காட்டி வாங்கிவிடலாம், பங்கும் விற்பனைக்குத் தப்பும்.

நம் ஊர் வழக்கத்தோடு குழப்பிக்கொள்ளவும் வேண்டாம். இந்தியாவில் 10 வருடம் கிடந்த டெபாசிட் ரிசர்வ் வங்கியின் நிதிக்குப் போனாலும் நாம் போய் நிற்பது நம் வங்கிக் கிளையில்தான். அங்கே பணம் கைமாறிய பிறகு வங்கிக்கு எழுதிப் பயனில்லை, கன்ட்ரோலருக்குத்தான் எழுத வேண்டும்.

ரான்சோ கொர்டோவா:

ஆவணங்கள் பற்றிச் சொல்கிறேன். கிளெய்ம்கள் சிக்குவது இங்கேதான்.

கன்ட்ரோலர் அலுவலகம் மூன்று கண்ணிகளைப் பார்க்கிறது. பதிவில் இருக்கும் பெயர் உங்கள் மாமாதானா? அந்த முகவரியில் அவர் இருந்தாரா? அவருக்குப் பிறகு கேட்கிறவர்கள்தான் முழு வாரிசுகளா? ஒரு கண்ணி விட்டாலும் "கூடுதல் ஆவணம் தேவை" என்று கடிதம் வரும். கோவைக்கு அந்தக் கடிதம் வந்து சேரவே சில வாரம் ஆகும். ஆகவே முதல் முறையிலேயே நிறைய வைத்து அனுப்புவது நல்லது.

பெயர். தமிழர்களுக்கு இதுதான் பெரிய வில்லங்கம். சம்பளப் பதிவில் "செந்தில் குமாரசாமி" என்று அப்பா பெயரைக் குடும்பப் பெயராகப் போட்டிருப்பார்கள். இறப்புச் சான்றிதழில் "கு. செந்தில்" என்று இருக்கும். மாநிலத் தலைநகர் சாக்ரமென்டோவில் கோப்பைப் பார்க்கிறவருக்கு இவர்கள் இரண்டு பேர். இன்ஷியலும் அதன் விரிவும் ஒரே தாளில் இருக்கும் ஆவணம் வேண்டும். பழைய பாஸ்போர்ட் சிறந்தது, கடைசிப் பக்கத்தில் அப்பா பெயர் தனியாக இருக்கும். அதோடு "இரண்டு பெயரும் ஒருவரே" என்று ஒரு அஃபிடவிட். அஃபிடவிட் மட்டும் தனியாகப் போதாது, பாஸ்போர்ட்டுக்குத் துணையாக வைக்கலாம்.

தேடும்போதும் இதை மனதில் வையுங்கள். பெயர்களை முன்னும் பின்னும் மாற்றிப் போட்டுத் தேடுங்கள். பாஸ்போர்ட்டில் ஒரே பெயராக இருந்தவர்களுக்கு விசாவில் முதற்பெயர் இடத்தில் "எஃப்என்யூ" (முதற்பெயர் தெரியாது என்பதன் ஆங்கிலச் சுருக்கம்) என்று போட்டிருப்பார்கள். சில கம்பெனிகளின் சம்பளப் பட்டியலிலும் வங்கியிலும் அதுவே பெயராகிவிடும். அதையும் முதற்பெயராகப் போட்டுப் பாருங்கள், நான்காவது பதிவு ஒன்று வெளியே வரலாம்.

முகவரி. ஒரே காகிதம் கிடைக்குமானால் அது டபிள்யூ-2 படிவமாக (கம்பெனி வருடா வருடம் தரும் சம்பள, வரிப் பிடித்தச் சான்று) இருக்கட்டும். பெயர், சோஷியல் செக்யூரிட்டி எண், சன்னிவேல் முகவரி, கம்பெனி பெயர் நான்கும் அதில் இருக்கின்றன. வீட்டில் பழைய வரிக் கோப்புகள் இருந்தால் தேடச் சொல்லுங்கள், பெரும்பாலும் வருமான வரி மென்பொருளின் பிடிஎஃப்பில் ஒட்டிக்கொண்டிருக்கும். இல்லையென்றால் வங்கி ஸ்டேட்மென்ட், சம்பளச் சீட்டு, மின் கட்டண ரசீது, வாடகை ஒப்பந்தம். அமெரிக்க வருமான வரித் துறையான ஐஆர்எஸ்ஸிடம் 4506-டி படிவம் கொடுத்து 10 வருடத்துக்கு உட்பட்ட சம்பள விவரங்களை வாங்கலாம், ஆனால் அந்த நகலில் சோஷியல் செக்யூரிட்டி எண்ணும் முகவரியும் பாதி மறைக்கப்பட்டே வரும். கடைசி முயற்சியாக வைத்துக்கொள்ளுங்கள்.

வாரிசு. தாசில்தார் சான்றிதழ் உதவும், ஆனால் அதை வைத்தே பணம் தரமாட்டார்கள். கோர்ட்டுக்குப் போகாமல் வாங்க கலிஃபோர்னியா புரோபேட் (இறந்தவர் சொத்தைக் கோர்ட் மூலம் வாரிசுகளுக்குச் சேர்க்கும் நடைமுறை) சட்டம் 13101-ன்கீழ் ஒரு உறுதிமொழிப் பத்திரம் கொடுக்க வேண்டும். நிபந்தனைகள்: இறந்து 40 நாள் ஆகியிருக்க வேண்டும், கலிஃபோர்னியாவில் புரோபேட் வழக்கு எதுவும் நடக்கக்கூடாது, அவருக்குக் கலிஃபோர்னியாவில் இருக்கும் மொத்தச் சொத்து ஒரு வரம்புக்குள் இருக்க வேண்டும். வரம்பு இறந்த தேதியைப் பொறுத்தது. 2022 மார்ச் 31 வரையிலான இறப்புக்கு (2020 முதல்) 1,66,250 டாலர். 2022 ஏப்ரல் 1 முதல் 1,84,500. 2025 ஏப்ரல் 1 முதல் 2,08,850. உங்கள் மாமா 2021 என்பதால் முதல் வரம்பு. இணையத்தில் கிடைக்கும் புதிய மாதிரிப் படிவத்தில் 2,08,850 என்று இருந்தால் அப்படியே நிரப்பி அனுப்பிவிடாதீர்கள்.

இப்போது முக்கியமான இடம். பலர் "கலிஃபோர்னியா சொத்து, மனைவிக்குத்தான்" என்று அக்கா ஒருவரை மட்டும் போட்டு அனுப்புவார்கள். புரோபேட் சட்டம் 13006 என்ன சொல்கிறது என்றால், வாரிசுரிமையை வெளிநாட்டுச் சட்டம் தீர்மானிக்குமானால் அந்தச் சட்டப்படி யார் யார் வாரிசோ அவர்கள் அனைவரும் என்கிறது. வங்கிப் பணம், பங்கு போன்ற அசையும் சொத்துக்கு, இறந்தபோது அவர் நிரந்தரமாக எங்கே வசித்தாரோ அந்த இடத்துச் சட்டம்தான் பொது விதி. அவர் கோவைக்கே திரும்பிவிட்டவர். இந்துவாக இருந்தால் 1956-ம் வருட இந்து வாரிசுரிமைச் சட்டம் வரும். அதில் மனைவி, பிள்ளைகள், தாய் மூன்று தரப்பும் முதல் வகுப்பு வாரிசுகள். எனவே மூன்று பேரும் கையெழுத்திட வேண்டும், ஆளுக்கு மூன்றில் ஒரு பங்கு. தாசில்தார் சான்றிதழிலும் பாட்டி (மாமாவின் அம்மா) பெயர் இருக்கும்போது படிவத்தில் அவரை விட்டால் அதிகாரி கேட்கத்தான் செய்வார்.

"பாட்டி எனக்கு விட்டுக்கொடுத்துவிட்டார்" என்று படிவத்தின் ஓரத்தில் எழுதி வைக்கும் வேலையும் வேண்டாம். விட்டுக்கொடுப்பது தனிச் சட்ட விவகாரம். பணம் வந்த பிறகு குடும்பத்துக்குள் கொடுத்துக்கொள்ளுங்கள்.

கன்ட்ரோலரின் வாரிசு அட்டவணைப் படிவம் ஒன்று உண்டு. உயில் இல்லாதவர்களுக்கு அதைக் கேட்பார்கள். பெற்றோர், மனைவி, பிள்ளைகள், ஏற்கெனவே இறந்தவர்கள் எல்லாரையும் எழுத வேண்டும். மாமாவின் அப்பா முன்பே இறந்திருந்தால் அவர் பெயரையும் இறந்த தேதியையும் போடுங்கள். காலியாக விட்ட கட்டம்தான் கேள்வியாகத் திரும்பி வரும்.

தமிழ்நாட்டு இறப்புச் சான்றிதழ் இரு மொழியில் இருப்பதால் சிக்கல் இல்லை. வாரிசுச் சான்றிதழ் தமிழில் மட்டும் இருந்தால் ஆங்கில மொழிபெயர்ப்பும் மொழிபெயர்த்தவரின் சான்றும் வேண்டும்.

உறுதிமொழிப் பத்திரத்தைக் கலிஃபோர்னியாவுக்கு வெளியே கையெழுத்திடுவதால், "கலிஃபோர்னியா மாநிலச் சட்டங்களின்கீழ் பொய் சாட்சியத்துக்கான தண்டனைக்கு உட்பட்டு" என்ற வாசகம் அதில் இருந்தே ஆக வேண்டும். வெறும் "பொய் சாட்சியத்துக்கு உட்பட்டு" என்று மட்டும் இருந்தால், கலிஃபோர்னியாவுக்குள் கையெழுத்திட்டால்தான் அது செல்லும்.

எல் கமீனோ:

நோட்டரி பற்றி யாரும் தொடவில்லை. எந்தத் தொகைக்கு மேல் வேண்டும் என்பது கிளெய்ம் எண்ணோடு வரும் படிவத்திலேயே அச்சாகியிருக்கும். பங்கும் வாரிசும் இருக்கும் கோப்பு என்பதால் உங்களுக்கு வேண்டியிருக்கும் என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டு வழி. ஒன்று, சென்னையில் ஜெமினி மேம்பாலம் அருகே அமெரிக்கத் துணைத் தூதரகத்தில் நோட்டரி சேவைக்கு முன்பதிவு செய்வது. ஒரு முத்திரைக்கு 50 டாலர். முத்திரை எத்தனை விழுகிறதோ அத்தனை கட்டணம், எனவே எந்தெந்தத் தாளுக்கு உண்மையில் நோட்டரி தேவை என்று படிவத்தைப் படித்துவிட்டுப் போங்கள். வீட்டிலேயே கையெழுத்துப் போட்டு எடுத்துப் போனால் திருப்பி அனுப்பிவிடுவார்கள், அதிகாரி முன்னால்தான் போட வேண்டும். அக்காவுக்கும் மகனுக்கும் இதுதான் எளிது.

இரண்டு, கோவையிலேயே நோட்டரி, அதன் மேல் அப்போஸ்தில் (ஆவணம் வெளிநாட்டில் செல்ல அரசு ஒட்டித் தரும் சான்று). இந்திய நோட்டரி முத்திரை தனியாகக் கலிஃபோர்னியாவில் நிற்காது. சிவில் சட்டம் 1183 வெளிநாட்டு நோட்டரி கையெழுத்துக்கு மேல் தூதரகச் சான்றோ நீதிபதி சான்றோ அப்போஸ்திலோ கேட்கிறது. இந்தியா 2005-லிருந்து அப்போஸ்தில் உடன்பாட்டில் இருப்பதால் வெளியுறவு அமைச்சகம் ஒட்டித் தரும். ஆனால் அதற்கு முன் மாநில அளவில் சான்று வாங்க வேண்டும், ஏஜென்சி மூலமாகத்தான் போகும். பயணம் முடியாத பாட்டிக்கு இந்த வழி. மூன்று பேர் கையெழுத்தும் ஒரே தாளில் இருக்க வேண்டிய படிவமானால், நோட்டரி இணைப்பை ஆளுக்கொன்றாகத் தனித்தனியே வைக்கலாமா என்று அலுவலகத்துக்கு முன்கூட்டியே எழுதிக் கேட்டுக்கொள்ளுங்கள். தாள் சென்னைக்கும் கோவைக்குமாக அலைவது மிச்சம்.

இனி, நீங்கள் கேட்காத ஒன்று. கலிஃபோர்னியா பட்டியலோடு தேடலை நிறுத்தாதீர்கள்.

பணம் எந்த மாநிலத்துக்குப் போகும் என்பதை நிறுவனத்தின் ஏட்டில் இருக்கும் கடைசி முகவரி தீர்மானிக்கிறது. 1965-ல் டெக்சாஸ் எதிர் நியூ ஜெர்சி வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் வகுத்த விதி. முகவரி தெரியாவிட்டால் நிறுவனம் பதிவான மாநிலத்துக்குப் போகும். முகவரி வெளிநாட்டில் இருந்தாலும் நடைமுறையில் அதே கதிதான். சிலிக்கன் பள்ளத்தாக்கின் பெரிய கம்பெனிகளில் பல டெலவேரில் பதிவானவை. மாமா ஊருக்குக் கிளம்பும்போது பொறுப்பாக ஒரு புரோக்கரேஜிலோ கம்பெனியிலோ கோவை முகவரியைப் பதிந்திருந்தால், அந்தப் பணம் டெலவேர் அரசிடம் கிடக்கலாம். அந்த மாநிலத்தின் தளத்திலும் தேடுங்கள். பல மாநிலங்களைச் சேர்த்துத் தேட மிஸ்ஸிங்மணி டாட் காம் இருக்கிறது, மாநில அதிகாரிகள் சங்கம் ஆதரிக்கும் தளம், இலவசம்.

இன்னொன்று அவசரம். "கெடு இல்லை" என்று கணக்கப்பிள்ளை சொன்னது மாநிலக் கன்ட்ரோலரிடம் போன பணத்துக்கு. நகராட்சி, கவுன்டி, பள்ளி மாவட்டம் போன்ற உள்ளாட்சிகளிடம் தங்கும் பணம் அங்கே போகாது. அரசாங்கச் சட்டம் 50050 முதல் வரும் பிரிவுகளின்படி 3 வருடம் கழித்து, பத்திரிகையில் அறிவிப்புக் கொடுத்துவிட்டு, யாரும் கேட்காவிட்டால் உள்ளாட்சியே சொந்தமாக்கிக்கொள்ளலாம். சன்னிவேலில் மின்சாரம் பிஜி அண்ட் இ தனியார் நிறுவனம், அதன் டெபாசிட் மாநிலப் பட்டியலில் வரும். தண்ணீர் நகராட்சியுடையது. பக்கத்து சான்டா கிளாராவிலும் பாலோ ஆல்டோவிலும் மின்சாரமே நகராட்சியுடையது. 2016-ல் விட்டுப்போன டெபாசிட் என்றால் பெரும்பாலும் கைவிட்டுப் போயிருக்கும். ஆனாலும் அந்த நகர நிதித் துறையின் கேட்பாரற்ற பணப் பட்டியலை ஒருமுறை பார்த்துவிடுவதில் நஷ்டமில்லை. இப்போது அங்கிருந்து கிளம்புகிறவர்கள் இதைக் கவனித்துக்கொள்ளட்டும்.

401(கே) என்ற கம்பெனி ஓய்வுக்காலச் சேமிப்பு இந்தப் பட்டியலில் இல்லையே என்று கலங்க வேண்டாம். அது கூட்டாட்சிச் சட்டத்தின்கீழ் இருப்பதால் பொதுவாகத் திட்ட நிர்வாகியிடமே இருக்கும், அவருக்குத் தனியாக எழுத வேண்டும். ஐஆர்ஏ என்ற தனிநபர் ஓய்வுக்காலச் சேமிப்புக் கணக்கு மாநிலத்துக்குப் போயிருந்தால் போகும்போதே வரிப் பிடித்தம் நடந்திருக்கும். தொகை குறைவாகத் தெரிந்தால் காரணம் அதுவாக இருக்கலாம்.

பீளமேடு வாணி:

மிக்க நன்றி. பாட்டியும் கையெழுத்திட வேண்டும் என்பது எங்களுக்குத் தோன்றவே இல்லை. பங்குப் பதிவைத் திறந்து பார்த்தேன், ரொக்கத் தொகைதான் இருக்கிறது, 9,000 டாலரை ஒட்டி. விற்றுவிட்டார்கள் போல.

இரண்டு சந்தேகம் பாக்கி. மூன்று பதிவுக்கும் மூன்று கிளெய்மா, ஒன்றா? செக் விஷயம்?

கணக்கப்பிள்ளை:

ஒன்றே போதும். தளத்தில் மூன்று பதிவையும் தேர்ந்தெடுத்து ஒரே கிளெய்மாக்குங்கள். "வாரிசு" என்பதைத் தேர்ந்தெடுக்க வேண்டும், "உரிமையாளர்" அல்ல. மாமா பெயரில் உரிமையாளராகப் போட்டுவிட்டால், இறப்புச் சான்றிதழ் பின்னால் போய்ச் சேரும்போது கோப்பு முதலிலிருந்து தொடங்கும். கடைசியில் கிளெய்ம் எண் வரும். அதைக் குறித்து வைத்து, அச்சிட்ட படிவத்தோடு எல்லா நகலையும் கண்காணிப்பு எண் உள்ள கூரியரில் அனுப்புங்கள். மூல ஆவணங்களை அனுப்ப வேண்டாம், இறப்புச் சான்றிதழுக்குச் சான்றிட்ட நகல் கேட்டால் அதை மட்டும் அனுப்பலாம். மூவரின் அடையாள அட்டைக்கும் பாஸ்போர்ட் நகல் நல்லது, காலாவதி ஆகாததாக. ஆதார் அட்டை பார்த்துப் பழகாத அதிகாரிக்கு அது விளங்காது.

கால அளவு: உரிமையாளரே கேட்கும் எளிய கிளெய்ம்கள் 30 முதல் 60 நாளில் முடியும். வாரிசு கிளெய்ம்களுக்குச் சட்டம் தரும் அவகாசம் 180 நாள். நிலவரத்தைக் கிளெய்ம் எண் போட்டுத் தளத்தில் பார்க்கலாம். மறுத்துவிட்டால் 90 நாளுக்குள் அங்கே உயர் நிலை நீதிமன்றத்தில் வழக்குத் தொடரலாம். 180 நாளில் முடிவே சொல்லாவிட்டால், தாக்கல் செய்த நாளிலிருந்து 270 நாளுக்குள். 13,000 டாலருக்கு வழக்கறிஞர் வைத்துப் போராடுவது கட்டுப்படியாகாது என்பது வேறு விஷயம். பெரும்பாலான மறுப்புகள் விடுபட்ட காகிதத்தால் வருகின்றன, அதைச் சேர்த்துப் புதிதாகவே கேட்கலாம்.

பணம் மாநிலக் கருவூலத்தின் மேல் எழுதிய காகித வாரண்டாக வரும், செக் மாதிரிதான். தேதியிட்ட நாளிலிருந்து 1 வருடம் செல்லும். கிளெய்ம் போடுவதற்கு முன்பே வங்கிக்குப் போய், "டாலர் செக் கலெக்ஷனுக்கு எடுப்பீர்களா, அரசு வாரண்டையும் எடுப்பீர்களா, கட்டணம் எவ்வளவு" என்று எழுத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். பல கிளைகள் இதை நிறுத்திவிட்டன. எடுக்கும் கிளையிலும் வாரக்கணக்கில் ஆகும், இரண்டு பக்க வங்கியும் கட்டணம் பிடிக்கும். மாமா கணக்கோடு கூட்டாக அக்கா பெயரிலும் அமெரிக்காவில் ஏதாவது கணக்கு உயிரோடு இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அதில் போடுவதுதான் சுலபம். அங்கே இருக்கும் சொந்தக்காரர் கணக்கில் பின்பக்கம் எழுதிக் கொடுத்துப் போடுவதை வங்கிகள் பெரும்பாலும் ஏற்பதில்லை.

வாரண்டில் பெயர் எப்படி அச்சாக வேண்டும் என்பதைப் படிவத்தில் பாஸ்போர்ட்டில் உள்ளபடியே எழுதுங்கள். கோவை வங்கிக் கணக்கில் அக்கா பெயர் இன்ஷியலோடு இருந்து வாரண்டில் விரிவாக வந்தால், இத்தனையும் தாண்டி வந்த பணம் உள்ளூர் கவுன்டரில் நிற்கும். முடிந்தால் இப்போதே வங்கிக் கேஒய்சியைப் பாஸ்போர்ட் பெயருக்கு மாற்றிவிடுங்கள்.

ரான்சோ கொர்டோவா:

வரி பற்றி ஒரு வரி. அமெரிக்கக் குடியுரிமை இல்லாமல், அங்கே வசிக்காமல் இறந்தவரின் அமெரிக்கச் சொத்து 60,000 டாலரைத் தாண்டினால் 706-என்ஏ என்ற எஸ்டேட் வரிப் படிவம் தேவைப்படும். அமெரிக்கக் கம்பெனிப் பங்கு அந்தக் கணக்கில் வரும், சாதாரண வங்கி டெபாசிட் வராது. உங்கள் தொகை அதற்கு வெகு கீழே. ஆனால் மாமாவுக்கு வேறு புரோக்கரேஜில் கம்பெனி ஊக்கப் பங்குகள் தங்கியிருந்தால் அதையும் கூட்டிப் பாருங்கள். 13101 வரம்புக் கணக்குக்கும் அந்த விவரம் வேண்டும், உறுதிமொழியில் மொத்த மதிப்பைத்தான் சத்தியம் செய்கிறீர்கள்.

பீளமேடு வாணி:

ஊக்கப் பங்கு இருந்ததா என்று அவருடைய பழைய மின்னஞ்சலில் தேடச் சொல்கிறேன். டெலவேர் தளத்தில் இப்போது பெயரை மாற்றிப் போட்டுப் பார்த்தேன், கோவை முகவரியோடு ஒன்று வந்திருக்கிறது. 100 டாலருக்கு மேல் என்று மட்டும் காட்டுகிறது. இதற்கும் இதே படிவங்களா?

எல் கமீனோ:

இல்லை. 13101 கலிஃபோர்னியாவுக்கு மட்டும். டெலவேருக்குத் தனிக் கிளெய்ம், அந்த மாநிலம் கேட்கும் வாரிசுப் படிவம் வேறு. பாஸ்போர்ட், இறப்புச் சான்றிதழ், வாரிசுச் சான்றிதழ் மொழிபெயர்ப்பு, பெயர் அஃபிடவிட் நான்கும் அப்படியே பயன்படும். முகவரிக்குச் சன்னிவேல் டபிள்யூ-2 உதவாது, கோவை முகவரிக்கு ஆதாரம் வேண்டும். பழைய பாஸ்போர்ட்டின் முகவரிப் பக்கம் போதுமா என்று பாருங்கள். கலிஃபோர்னியா சரியான தொகையைக் காட்டுகிறது, அப்படிக் காட்டாத மாநிலங்களில் "100-க்கு மேல்" என்பது 101-ஆகவும் இருக்கலாம், பதினாயிரமாகவும் இருக்கலாம். எனவே முதலில் கிளெய்மைத் தளத்தில் தொடங்கி என்ன கேட்கிறார்கள் என்று பாருங்கள். தூதரக முன்பதிவு அதற்குப் பிறகு. இரண்டு மாநிலத்துப் படிவங்களையும் ஒரே நாளில் முத்திரை குத்திக்கொள்ளலாம்.